மீற்றர் மாறிய வீட்டில் ஹீற்றரைத் தொட்டுப் பாருங்கள்: பிரித்தானியத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரித்தானியாவில் இயங்கும் தமிழ்ச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும், கோயில் அறங்காவலர்களுக்கும், சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளை நடத்தும் பெரியோர்களுக்கும் வணக்கம்.

கிழக்கு லண்டனில் வீடுகளுக்கு மின் இணைப்பு வேலை செய்து வருபவன் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். ஸ்மார்ட் மீற்றர் பொருத்திய பிறகு, இரவின் மலிவு மின்சாரத்தில் சூட்டைச் சேமித்துப் பகலில் வெளிவிடும் ஸ்டோரேஜ் ஹீற்றர்கள் சரியாக இயங்காத வீடுகளுக்கு அடிக்கடி அழைக்கப்படுகிறேன். அவற்றில் தமிழ் முதியவர்கள் தனியாக வாழும் வீடுகளும் இருக்கின்றன. அங்கே பிழையைக் கண்டுபிடிப்பதற்குப் பெரும்பாலும் ஓர் இரவு போதும். ஆனால் பிழை இருக்கிறது என்று எவருக்காவது தெரியவருவதற்கு வாரங்களும் மாதங்களும் கழிந்துவிடுகின்றன. அந்த இடைவெளியைக் குறைக்கக் கூடியவர்கள் நீங்கள்தான்.

சென்ற தை மாதத்தில் எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மாவின் வீட்டுக்குப் போனேன். மீற்றர் மாற்றி ஒன்பது நாள்கள் ஆகியிருந்தன. ஒரு குளிர்ச்சட்டையின் மேல் இன்னொன்றைப் போட்டுக்கொண்டு அவர் குசினியில் உட்கார்ந்திருந்தார், ஏனென்றால் சமையல் நடக்கும் இடத்தில் மட்டுமே சிறிது சூடு இருந்தது. வீட்டிலிருந்த மூன்று ஹீற்றர்களின் மேல்தகட்டிலும் கையை வைத்துப் பார்த்தேன். பக்கத்துச் சுவர் எவ்வளவு குளிர்ந்திருந்ததோ அவ்வளவு குளிர்ந்திருந்தன. மின் வழங்கும் நிறுவனத்துக்கு மூன்று முறை தொலைபேசியில் அழைத்ததாகவும், மீற்றர் நன்றாக வேலை செய்கிறது என்றே ஒவ்வொரு முறையும் பதில் கிடைத்ததாகவும் சொன்னார். மீற்றர் வேலை செய்தது உண்மைதான். ஹீற்றர்களுக்கென்று தனியாக உள்ள இரண்டாவது பியூஸ் பெட்டிக்கு இரவில் மின்சாரம் போகவில்லை என்பதும் உண்மை. அந்த இரண்டாவது பெட்டியைப் பற்றித் தொலைபேசியில் எவரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அதை ஆங்கிலத்தில் விளக்க அவரால் முடிந்திருக்காது.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். வேறொரு வீட்டில் வயதான ஐயா ஒருவர், "புது மீற்றர் வந்த பிறகு வீடு நல்ல சூடு, தம்பி. பின்னேரமும் ஹீற்றர் சுடுகுது" என்று மகிழ்ச்சியோடு சொன்னார். அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்குக் கவலைதான் வந்தது. இரவில் மட்டும் மின் பெற வேண்டிய ஹீற்றர்கள், நாள் முழுவதும் மின்சாரம் வரும் முனையோடு இணைக்கப்பட்டிருந்தன. பகலில் சூடு குறையக் குறைய, கூடிய பகல் கட்டணத்தில் அவை மீண்டும் மீண்டும் சூடேறிக்கொண்டிருந்தன. வீடு சூடாக இருப்பவர் முறையிட மாட்டார், ஆகவே இந்தப் பிழை கட்டணச்சீட்டு வரும்வரை ஒளிந்தே இருக்கும்.

ஸ்டோரேஜ் ஹீற்றர் என்பது அடிப்படையில் ஒரு கல்லடுப்பு. அதன் உள்ளே அடர்த்தியான கற்கள் அடுக்கப்பட்டிருக்கும், அவற்றினூடே செல்லும் மின்கம்பிகள் இரவில் அவற்றைப் பல நூறு பாகை வரை சூடாக்கும், அந்தச் சூடு அடுத்த நாள் முழுவதும் மெல்ல மெல்ல அறைக்குள் கசியும். 1978இல் அறிமுகமான எக்கோனமி 7 திட்டம் இரவில் ஏழு மணித்தியாலங்களுக்கு மலிவான மின்சாரத்தைத் தந்ததால் இந்த ஹீற்றர்கள் பரவின. கிழக்கு லண்டனின் பழைய அடுக்குமாடிகளில் இவை அதிகமாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1968 மே மாதத்தில் கனிங் டவுனில் ரோனன் பொயின்ற் கட்டடத்தின் ஒரு மூலை எரிவாயு வெடிப்பால் சரிந்த பிறகு, அதே முறையில் கட்டப்பட்ட பல மாடிக் கட்டடங்களிலிருந்து எரிவாயுவே அகற்றப்பட்டது.

மலிவு நேரம் தொடங்கும்போது ஹீற்றர்களுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிச் எங்கே இருக்கிறது என்பதே மீற்றர் மாற்றத்தின் மையக் கேள்வி. பழைய வீடுகளில் அது மீற்றருக்கு அருகில் ஒரு தனிப் பெட்டியாக இருந்தது. சிலவற்றை மணிக்கூடு இயக்கியது. வேறு பலவற்றை, பிபிசியின் 198 கிலோஹேர்ட்ஸ் நெட்டலை வானொலி ஒலிபரப்போடு கலந்து, காதுக்குக் கேட்காதபடி அனுப்பப்பட்ட சமிக்ஞை இயக்கியது. அந்த வானொலிச் சேவையின் கருவிகள் ஆயுள் முடிந்த நிலையை அடைந்ததால், 2025 ஜூன் 30 முதல் அது கட்டங்கட்டமாக மூடப்படத் தொடங்கியது. எனவே பழைய பெட்டியை அப்படியே வைத்திருங்கள் என்று நான் எவருக்கும் சொல்ல மாட்டேன். சமிக்ஞை நின்ற பெட்டி, ஹீற்றரை எப்போதும் திறந்த நிலையிலோ எப்போதும் மூடிய நிலையிலோ விட்டுவிடலாம். மீற்றர் மாற வேண்டும், ஆனால் சரியான மீற்றர் வர வேண்டும். ஹீற்றருக்கென்று தனிச் சுற்றுள்ள வீட்டுக்குப் பொதுவாக ஐந்து முனைகளைக் கொண்ட ஸ்மார்ட் மீற்றர் தேவைப்படும், அதன் ஐந்தாவது முனையே இரவில் திறந்து காலையில் மூடும். நான்கு முனை மீற்றரைக் கொண்டுவந்து, தனிச் சுவிச்சும் வைக்காமல், இரண்டு பியூஸ் பெட்டிகளையும் ஒன்றாக இணைத்துவிட்டுப் போனால் மேலே சொன்ன ஐயாவின் நிலைதான் ஏற்படும். ஐந்து முனை இருந்தும் அதன் சுவிச்சுக்கு நேரம் பதியப்படவில்லை என்றால் அந்த அம்மாவின் நிலை.

நிறுவனத்தைக் குறை சொல்வதற்கு முன்னர் பார்க்க வேண்டியவையும் உண்டு. பொருத்துநர் மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்துவிட்டு இரண்டாவது பெட்டியின் சுவிச்சை மீண்டும் போட மறந்திருக்கலாம். ஹீற்றருக்குப் பக்கத்துச் சுவரிலுள்ள சுவிச்சை வீட்டார் கோடையில் அணைத்திருக்கலாம். ஹீற்றரின் மேலே இரண்டு திருகிகள் இருக்கும். ஒன்று இரவில் எவ்வளவு சூட்டைச் சேமிப்பது என்பதையும், மற்றது அதை எவ்வளவு வேகமாக வெளியே விடுவது என்பதையும் தீர்மானிக்கும். குளிரும்போது இரண்டையும் முழுவதுமாகத் திருப்பிவிடும் வழக்கம் நம்மவரிடம் பரவலாக இருக்கிறது. வெளியேற்றும் திருகியை இரவில் திறந்து வைத்தால், சேமிக்க வேண்டிய சூடு தூங்கும் நேரத்திலேயே தீர்ந்து, பின்னேரத்தில் ஹீற்றர் வெறும் கல்லாகிவிடும்.

இவை சரியாக இருந்தும் ஐயம் தீரவில்லை என்றால், ஓர் இரவு மட்டும் சோதித்துப் பாருங்கள். படுக்கப் போகும் முன் மீற்றரின் பொத்தானை அழுத்தி, இரண்டு கட்டணங்களுக்குமுரிய அளவீடுகளையும் கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் மீண்டும் படமெடுங்கள். 3.4 கிலோவாற் ஹீற்றர் ஒன்று ஏழு மணித்தியாலங்கள் முழுமையாக மின் எடுத்தால் ஏறக்குறைய 24 அலகுகள் ஏறும். இரண்டு அளவீடுகளும் ஏறக்குறைய அப்படியே நின்று, ஹீற்றரும் குளிர்ந்திருந்தால், மின்சாரம் அங்கே போகவில்லை. இரவில் ஏறியது பகல் அளவீடு என்றால், கட்டணங்கள் மாறிப் பதியப்பட்டிருக்கின்றன. பெரும்பாலான மீற்றர்களில் ஓர் அலகுக்கு ஆயிரம் தடவை சிமிட்டும் சிவப்பு விளக்கு ஒன்று இருக்கிறது. வீட்டில் வேறெதுவும் இயங்காத ஒரு நண்பகலில் அது ஏறக்குறைய வினாடிக்கு ஒரு தடவை சிமிட்டினால், 3.4 கிலோவாற் ஹீற்றர் ஒன்று பகலில் மின் எடுக்கிறது என்று ஐயப்படலாம். சுடுநீர்த் தாங்கியும் அதே இரவுச் சுற்றில் இருப்பது வழக்கம் என்பதால் அதையும் சேர்த்துக் கவனியுங்கள். பல ஸ்மார்ட் மீற்றர்கள் கிறீனிச் நேரத்தையே ஆண்டு முழுவதும் பின்பற்றுகின்றன. குளிர்காலத்தில் 12.30க்குத் தொடங்கும் மலிவு நேரம் கோடையில் நம் மணிக்கூட்டில் 1.30க்குத் தொடங்கும். இதனைப் பிழையென்று எண்ண வேண்டாம். மீற்றரின் முத்திரையை உடைப்பதோ, மூடியைக் கழற்றுவதோ கூடவே கூடாது. அந்த வேலை நிறுவனத்தின் பொருத்துநருக்கு மட்டுமே உரியது.

படங்கள் கையில் இருந்தால் முறைப்பாடு வேறு வகையாக அமையும். "ஹீற்றர் வேலை செய்யவில்லை" என்று சொல்பவரிடம் ஹீற்றர் திருத்துபவரை அழைக்கும்படி சொல்லிவிடுவார்கள். "இரவுச் சுற்றுக்கு மின் வரவில்லை, அளவீடுகள் இதோ" என்று எழுத்தில் அனுப்புபவருக்கு அப்படிச் சொல்ல முடியாது. எட்டு வாரங்களில் தீர்வு கிடைக்காவிட்டால் வாடிக்கையாளரின் முறைப்பாடுகளை நடுநிலையாக விசாரிக்கும் எரிசக்தி ஒம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம், அவர் தரும் தீர்ப்பை வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டால் நிறுவனம் அதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும். ஓய்வூதிய வயதை அடைந்தவர்கள் மேலதிக உதவி தேவைப்படுவோருக்கென நிறுவனம் வைத்திருக்கும் முன்னுரிமைச் சேவைப் பதிவேட்டில் (Priority Services Register) சேர உரிமையுடையவர்கள். அந்தப் பெயரைக் கேள்விப்படாத பெரியவர்களையே நான் அதிகமாகச் சந்திக்கிறேன், இது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

உங்களிடம் நான் கேட்பது பணமன்று. வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து பெரியவர்கள் பிரசாதம் வாங்கும்போது, "உங்கள் வீட்டு மீற்றரை மாற்றினார்களா, ஹீற்றர் எப்படி இருக்கிறது?" என்று ஒருவர் கேட்கட்டும். குளிரா என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாமல், முன்னரைவிடச் சூடா என்றும் கேட்கட்டும். மீற்றர் மாற்றும் நாளில் தனியாக இருப்பவருக்குத் துணையாக ஆங்கிலம் தெரிந்த இளைஞர் ஒருவர் போய், பழைய மீற்றரின் இறுதி அளவீட்டையும் இணைப்புகளையும் படமெடுத்து, ஹீற்றர்ச் சுற்று எந்த முனையில் இணைக்கப்படுகிறது என்று பொருத்துநர் கிளம்பும் முன்னரே கேட்கட்டும். உயர்தரப் பாடசாலையில் பௌதிகம் படிக்கும் பிள்ளைக்கு இந்தச் சோதனையைக் கற்பிக்க அரை மணித்தியாலம் போதும். கற்பிக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன், எந்த ஞாயிற்றுக்கிழமையும் வருவேன்.

ஒக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறன்று மணிக்கூடு ஒரு மணித்தியாலம் பின்னே போகிறது. அந்த வாரத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் ஹீற்றர் சுவிச்சைப் போடுவார்கள். அதற்கு முன் உங்கள் உறுப்பினர் பட்டியலில் தனியாக வாழ்பவர்களின் வீடுகளுக்கு ஒரு தடவை போய்வர ஒழுங்கு செய்யுங்கள்.

இப்படிக்கு,
கிழக்கு லண்டனிலிருந்து ஒரு மின் தொழிலாளி