சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

பெரியோர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வந்திருப்பவர்களுக்கு நன்றி. வராதவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

தமிழ்ப் புத்தாண்டு, நவராத்திரி, பொங்கல் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். கண் பரிசோதனை முகாமுக்கு டாக்டர் வந்தார், நம்மவர்கள்தான் வரவில்லை.

இனி மெல்லிசைக் குழு. ‘சங்கப் பணத்தில் செயலாளர் கச்சேரி நடத்துகிறார்’ என்ற பேச்சு மும்பை முலுண்ட் ஸ்டேஷன் வரை போய்விட்டதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இசையமைப்பாளர் எம்.எஸ். விஸ்வநாதனின் (எம்.எஸ்.வி.) பாடல்களை மட்டுமே பாடும் குழு ஒன்று வேண்டும் என்பது என் யோசனை. கமிட்டியில் எடுத்த எடுப்பிலேயே சண்டை. சேர்ந்து இசையமைத்த விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1965இல் பிரிந்தார்கள், அதுவரை வந்த பாட்டுகளே போதும் என்றது ஒரு கட்சி. அப்புறம் வந்ததையெல்லாம் அரபிக் கடலிலா போடுவது என்றது இன்னொரு கட்சி. இடைவேளைக்கு முன் இருவரும் சேர்ந்து போட்டவை, பின்னால் அவர் தனியாகப் போட்டவை என்று ஒருவழியாகச் சமரசமானது. குழுவின் பெயர் இன்னும் கமிட்டியில்தான் இருக்கிறது.

கரோக்கே போதாதா என்று கேட்டார்கள். சபை ‘ஒன்ஸ்மோர்’ கேட்டால் டிராக் பல்லவிக்குத் திரும்பி வருமா? ஆகவே கீபோர்டு, கிடார், தபலா, பாங்கோஸ். பாங்கோஸ் வாசிப்பவர் மராத்திக்காரர், கணபதி மண்டபங்களில் டோல்கி வாசிப்பவர். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் சரணம் முடிந்து பல்லவி எடுக்கும் இடத்தை நம் பாடகர் கோட்டை விட்டாலும் அவர் விடுவதில்லை, புருவத்தைத் தூக்கியே இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறார். அக்கார்டியன்தான் கிடைக்கவில்லை, கீபோர்டில் ஒப்பேற்றுகிறோம்.

எம்.எஸ்.வி. பிறந்தநாள் ஜூன் 24. அதையொட்டி 23ஆம் தேதி ஞாயிறு இரவு ஏழரைக்கு முதல் கச்சேரி. வெளியே கொட்டும் மழை. பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. ஆனால் ஒன்பதுக்கே ‘கடைசி பஸ் போய்விடும்’ என்று முன்வரிசை எழுந்துவிட்டது. மிஞ்சியவர்கள் பாடகர்களின் சொந்தக்காரர்கள்.

நம் ரசிகர்கள் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்களுக்கு இரவுக் கச்சேரி சரிப்படாது என்று அன்றைக்குப் புரிந்தது. ஜனவரியில் ஒரு ஞாயிறு, தண்டவாளப் பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்தும் ‘மெகா பிளாக்’ முடிந்து வண்டிகள் ஒழுங்காக ஓடும் நேரம் பார்த்து மாலை ஐந்துக்கு வைத்தோம், ஸ்டேஷனுக்குப் பக்கத்துப் பள்ளி ஹாலில். டோம்பிவிலியிலிருந்தும் தாராவியிலிருந்தும் வந்திருந்தார்கள். ஒரு பாட்டி, தியேட்டர் வாசலில் அந்தக் காலத்தில் விற்ற பாட்டுப் புத்தகங்களை நூல் போட்டுக் கட்டி மஞ்சள் பையில் கொண்டுவந்திருந்தார். எங்கள் பாடகர் இரண்டாவது சரணத்தைவிட்டு மூன்றாவதற்குத் தாவியதும் ‘தம்பி, ஒண்ணு விட்டுப்போச்சு’ என்று கீழேயிருந்து குரல் கொடுத்தார். கூட்டிவந்த பேரன் அதைப் படம் பிடித்துப் பரப்பினான். பிறகு மாட்டுங்காவிலிருந்தும் டோம்பிவிலியிலிருந்தும் நம்மைக் கூப்பிட்டார்கள். நான் ஒட்டிய போஸ்டர்கள் செய்யாததைப் பேரன் செய்தான்.

வரவு செலவு மொத்தத்தில் திருப்திகரம். விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. கச்சேரிக்கான ஹால் வாடகை, மைக் செட், பாட்டு உரிமைக்காக ஐபிஆர்எஸ் அமைப்புக்குக் கட்டும் உரிமக் கட்டணம் எல்லாம் பெரும்பாலும் நன்கொடையில் சமாளிக்கப்பட்டன. மீதி யார் கையிலிருந்து போனது என்று சொல்ல விரும்பவில்லை. என் மனைவியைக் கேட்டால் சொல்வார்.

முன்வரிசை பாஸ் கேட்டவர்களில் பாதிப்பேருக்குச் சந்தா பாக்கி. வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் தூக்குவது வருகை ஆகாது. பெயர்களைப் படிக்க வேண்டாமென்று தலைவர் தடுத்ததால் விடுகிறேன், பட்டியல் சட்டைப்பையில் இருக்கிறது.

தலைவர், கமிட்டியினர், ஹால் கொடுத்த பள்ளி நிர்வாகம், காபி போட்ட மகளிர் அணி அனைவருக்கும் நன்றி.

அடுத்த கச்சேரி ஜூன் 22, ஞாயிறு மாலை ஐந்து மணி. யார் வீட்டுப் பரணிலாவது அக்கார்டியன் கிடந்தால் தெரிவிக்கவும். செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்றால் எனக்கு மகிழ்ச்சியே. பாங்கோஸ், ஸ்பீக்கர், மைக் ஸ்டாண்டு எல்லாம் என் வீட்டு ஹாலில்தான் இருக்கின்றன. ஏற்பவர் டெம்போவோடு வரவும். லிஃப்ட் இல்லை, நாலாவது மாடி.