ரோமுக்கு ஒரு பகல் போதாது

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த ‘பத்து நாளில் ஏழு நாடுகள்’ என்ற பயணக் கட்டுரையைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். கீழமாசி வீதியில் 31 வருடமாக மிளகு, சீரகம், திப்பிலி, கிராம்பு மொத்த வியாபாரம் செய்கிறேன். வருகிற மார்ச் மாதம் நானும் என் மனைவியும் முதல் முறையாக வெளிநாடு போகிறோம். ரோமுக்கு மட்டும் போய், ஏழு இரவும் அங்கேயே தங்கப் போகிறோம். உங்கள் கட்டுரை அந்த ஊருக்கு ஒதுக்கியிருந்தது ஒரே ஒரு பகல்.

போன வருடம் நாங்களும் அப்படி ஒரு பேக்கேஜுக்குத்தான் முன்பணம் கட்டினோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பணம் கட்டிய பிறகுதான் நாள்வாரியான திட்டத்தைக் கொடுத்தார்கள். ஆறாம் நாள், ரோம், காலை 9 முதல் மாலை 4 வரை. கொலோசியம் என்ற பழைய அரங்கத்துக்கு நேரே ‘வெளியிலிருந்து’ என்று போட்டிருந்தது. ஏன் என்று கேட்டேன். “உள்ளே போனா ரெண்டு மணி நேரம் போயிடும் சார். அடுத்து ஃப்ளாரன்ஸ் போகணும்” என்றார் அங்கிருந்த தம்பி. வேண்டாம் என்று சொன்னோம். முன்பணத்தில் பத்தாயிரத்தைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அவசரமாக ஊர் பார்ப்பவர்களை என் கடை வாசலிலிருந்தே தினமும் பார்க்கிறேன். மீனாட்சி அம்மன் கோயில் நடை சாத்தும் மதிய நேரத்தில் வந்து இறங்குவார்கள். கோபுரத்தை அண்ணாந்து பார்த்து ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் மகால், அப்புறம் ராமேஸ்வரம். இரவில் சுவாமி பள்ளியறைக்கு எழுந்தருளுவதை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். விடிகாலையில் மாட்டுத்தாவணிக்குப் பூ வந்து இறங்குவதும் தெரியாது. ஆனாலும் மதுரையைப் பார்த்தாயிற்று என்று ஊருக்குப் போய்ச் சொல்வார்கள். இரண்டு வருடம் முன்பு வெளிநாட்டு அம்மா ஒருவர், எழுபது வயது இருக்கும், கடைக்குள் வந்தார். திப்பிலி இருந்த சாக்கைக் காட்டி அது என்ன என்று சைகையில் கேட்டார். ஒன்றை எடுத்து நகத்தால் கீறி அவர் உள்ளங்கையில் வைத்தேன். முகர்ந்து பார்த்தவர் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றார். வெளியே வழிகாட்டி கொடியை ஆட்டிக் கூப்பிட்டதும், கையை மூடியபடியே ஓடிப்போய் வண்டியில் ஏறிவிட்டார். இன்னும் ஐந்து நிமிடம் இருக்க விட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

ரோம் ஏன் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அது மிளகு வாங்கிய ஊர். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்ற ரோமானிய அறிஞர் அன்றைய விலையை எழுதி வைத்திருக்கிறார். ஒரு ராத்தல் திப்பிலி 15 தெனாரி (அவர்கள் வெள்ளிக் காசு), வெள்ளை மிளகு 7, கறுப்பு மிளகு 4. அவர்கள் ராத்தல் நம் கணக்கில் சுமார் 327 கிராம். இன்றைக்கும் என் கடையில் திப்பிலிதான் மிளகைவிட விலை கூட. மிளகில் ஜூனிப்பர் என்ற காயைக் கலக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். நாங்கள் பப்பாளி விதையோடு மல்லுக்கட்டுகிறோம். இந்தியா வருடத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசை உறிஞ்சிக்கொள்கிறது என்று வருத்தப்படுகிறார். மேற்குக் கரைத் துறைமுகங்களைப் பற்றிச் சொல்லும்போது, பாண்டிய அரசன் சந்தையிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி மோதுரா என்ற ஊரில் இருக்கிறான் என்கிறார். அது நம் ஊர்தான். பொன்னோடு வந்து கறியோடு திரும்பும் யவனர் மரக்கலத்தை நம் அகநானூறு பாடியது. அந்தக் கறி, அதாவது மிளகு, போய் இறங்கிய இடத்தை நின்று பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

அந்த இடமும் தெரிந்தே இருக்கிறது. கி.பி. 81 முதல் 96 வரை ஆண்ட டொமிஷியன் காலத்தில், ஃபோரம் என்ற பழைய நகர மையத்தில், சேக்ரா வீதி ஓரமாக மிளகுக்கென்றே ஒரு கிடங்கு கட்டினார்கள். பிற்பாடு நாலாம் நூற்றாண்டில் அதன் மேலேயே மாக்சென்டியுஸ் மண்டபம் எழுந்தது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக மூன்று பெரிய வளைவுகள் இன்றைக்கும் நிற்கின்றன. கொலோசியத்திலிருந்து நடக்கிற தூரம்தான். கொலோசியம் டிக்கெட்டே ஃபோரத்துக்கும் பக்கத்திலுள்ள பாலட்டைன் குன்றுக்கும் சேர்த்துத்தான். அதாவது, வெளியிலிருந்து படம் எடுத்துவிட்டுப் போகிறவர்கள் நம் மிளகுக் கிடங்கு இருந்த இடத்தையும் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

இன்னொரு இடம் டெஸ்டாச்சோ மேடு. அதைப் பற்றிப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சுமார் 35 மீட்டர் உயரம், முழுக்க உடைந்த எண்ணெய்ச் சாடிகள். ஸ்பெயினிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆலிவ் எண்ணெய் வந்த சாடிகளைத் திரும்பப் பயன்படுத்த முடியாது. எண்ணெய் ஊறிச் சிக்கு வாடை வந்துவிடும். அதனால் உடைத்து, வரிசையாக அடுக்கி, வாடை அடங்கச் சுண்ணாம்பு தூவியிருக்கிறார்கள். அந்த ஓடுகளில் எடையும் வியாபாரி பெயரும் மையால் எழுதியிருக்கிறதாம். எங்கள் கடையில் மூட்டைக்கு மூட்டை கறுப்பு மையில் எடையும் மார்க்கும் எழுதுவோமே, அதேதான். எந்த பேக்கேஜிலும் இந்த மேட்டை நான் பார்க்கவில்லை. முன்கூட்டியே அனுமதி வாங்கினால்தான் உள்ளே விடுவார்கள். ஒரு பகல் மட்டும் தங்குகிறவருக்கு அது எப்படி முடியும்?

என் மனைவிக்கு மிளகில் அவ்வளவு ஆர்வம் இல்லை. அவள் பார்க்க விரும்புவது பாந்தியோன் என்ற பழைய கோயில். ஹாட்ரியன் என்ற ரோமப் பேரரசர் காலத்தில், சுமார் 1,900 வருடம் முன்பு கட்டியது. குவிமாடத்தின் குறுக்களவு 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சி வரையும் அதே அளவு. உள்ளே இரும்புக் கம்பி எதுவும் கிடையாது. உச்சியில் வட்டமாகத் திறந்த வாய். “அப்போ மழை பெய்தா?” என்று கேட்டாள். மழை உள்ளேதான் விழும், தரையில் தண்ணீர் வடியச் சின்னத் துளைகள் இருக்கின்றன என்றேன். வெயில் வட்டம் சுவரில் நகர்வதைப் பார்க்க, காலையில் ஒரு முறையும் மதியம் ஒரு முறையும் போக வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறாள். 2023-ல் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வைத்தார்கள். இரண்டு முறை கொடுக்கலாம், தப்பில்லை.

உங்கள் கட்டுரையில் இல்லாத, ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு வேண்டிய சில விஷயங்களும் உண்டு.

முதலில், மாதம். சித்திரைத் திருவிழாவை விட்டுவிட்டு எந்த மதுரைக்காரரும் கிளம்ப மாட்டார். தீபாவளிக்கு முந்திய இரண்டு மாதம் மளிகைக்காரருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. நவம்பரில் ரோமில் மழை அதிகம். ஆகஸ்டில் அங்கே கடும் வெயில், உள்ளூர்க்காரர்களே கடையைப் பூட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் மார்ச் வந்தது. ஈஸ்டர் கூட்டம் வருவதற்கு முன் திரும்பிவிட வேண்டும். பகலில் கொடைக்கானல் குளிர்தான் இருக்கும் என்பதால் ஸ்வெட்டர் போதும்.

அப்புறம் விசா. ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, கைரேகை கொடுக்க நாங்கள் சென்னைக்கு ஒரு நடை. இதெல்லாம் சமாளித்துவிடலாம். எங்களைப் போன்ற வியாபாரிகளுக்கு இடிப்பது வங்கிக் கணக்கு. என் சகலை விண்ணப்பிக்கப் பத்து நாள் முன்பு நாலு லட்சத்தைக் கணக்கில் போட்டார். விசா மறுக்கப்பட்டது. கையில் காசு புழங்குகிறவர்கள் அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று காகிதத்தில் காட்ட வேண்டும். நான் போன வருடமே கடை வரவு முழுவதையும் வங்கி வழியாக மாற்றிவிட்டேன். வருமானவரிக் கணக்கும் ஜிஎஸ்டி பதிவும் சேர்த்து வைத்தேன். விசா வந்துவிட்டது.

இதைவிடப் பெரிய தலைவலி பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். என் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருக்கிறது. என் மனைவிக்கு பாஸ்போர்ட்டில் அவள் அப்பா பெயர், ஆதாரில் என் இனிஷியல். கொலோசியம் டிக்கெட் ஆள் பெயரில்தான் தருகிறார்கள். வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இணையதளத்தில் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், இரண்டையும் நிரப்பாமல் நகராது. கடைசியில் விமான டிக்கெட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்துக்கு எழுத்து போடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். டிக்கெட் 18 யூரோ, 30 நாள் முன்னால்தான் விற்பனைக்கு வருகிறது, வந்த வேகத்தில் தீர்ந்துவிடுகிறது. அங்கே காலை 9 என்றால் நமக்கு மதியம் ஒன்றரை. அந்த நாளைக் கடைக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

சாப்பாடு. வீட்டில் அவள் சுத்த சைவம். ரோமின் பேர்போன உணவு ‘காச்சோ எ பெப்பே’, பாஸ்தாவில் ஆட்டுப்பால் சீஸும் நிறைய மிளகும். மிளகு என்றதும் எனக்கு வாயூறியது. பிறகுதான் அந்தப் பெக்கோரினோ சீஸைத் திரிய வைக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறை சேர்க்கிறார்கள் என்று படித்தேன். சைவம் என்று நினைத்து நம் ஆட்கள் எத்தனை பேர் சாப்பிட்டிருப்பார்களோ. இதை உங்கள் பக்கத்தில் கட்டாயம் போடுங்கள். அவளுக்கு ‘பிட்சா மரினாரா’ இருக்கிறது. தக்காளி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், சீஸ் கிடையாது. காப்பியை நின்றபடி குடித்தால் விலை குறைவு, உட்கார்ந்தால் கூட. டவுன்ஹால் ரோட்டில் நின்றே டீ குடிக்கிற நமக்கு அது பெரிய விஷயம் இல்லை.

தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம். ஊர் முழுக்கச் சுமார் 2,500 குடிநீர்க் குழாய்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. 1874-லிருந்து வைத்து வருகிறார்கள். வளைந்த குழாயைப் பார்த்து ‘நசோனே’, பெரிய மூக்கு, என்று பெயர். குழாயின் வாயை விரலால் அடைத்தால், மேலே இருக்கிற சின்னத் துளை வழியாகத் தண்ணீர் பீறிட்டு நேராக வாய்க்கு வருகிறது. திருவிழாவுக்குத் திருவிழா தண்ணீர்ப் பந்தல் வைக்கிற ஊர்க்காரனுக்கு, அப்படி ஒரு குழாயில் வாய் வைத்துக் குடிக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

ஐரோப்பா போகும் செலவு நம் போன்றவர்களுக்கு வாழ்நாளில் ஒரு முறை வருவது. அதனால்தான் நாலு ஊரைச் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். அந்த எண்ணம் எனக்குப் புரிகிறது. ஆனால் காசு கொடுத்து பஸ் ஜன்னலைத்தான் பார்க்கிறோம் என்பதை உங்கள் பயணப் பக்கம் சொல்ல வேண்டும். ஒரு இதழுக்கு ஒரே ஊர் என்று எடுத்து எழுதுங்கள். எத்தனை நாள் வேண்டும், எந்த மாதம், சைவக்காரர் என்ன சாப்பிடுவார், இனிஷியல்காரர் பெயரை எப்படிப் போடுவார் என்று தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் கிடைப்பவை மேல்நாட்டுக்காரர்கள் தங்களுக்காக எழுதிக்கொண்டவை.

ஒரு வேண்டுகோள். மார்ச் 3-ம் தேதி கிளம்புகிறோம். டெஸ்டாச்சோ மேட்டுக்கு அனுமதி வாங்கி ஏறிய வாசகர் யாராவது இருந்தால், யாரிடம் எப்படி எழுதிக் கேட்டார் என்று உங்கள் பகுதிக்கு எழுதச் சொல்லுங்கள். பிப்ரவரி நடுவுக்குள் வந்தால் எங்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மிளகு வியாபாரி ஒருவர்,
கீழமாசி வீதி, மதுரை.