செயலாளர் ஆண்டறிக்கை: நாயை நடத்த இடம் தேடிய வருஷம்

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த வருஷம் நம்மை ரொம்ப அலைக்கழித்த விஷயத்துக்கு நேராக வருகிறேன்: நாயை நடத்திக் கூட்டிப்போக நமக்கு இடமில்லை.

நம் நாட்டு வேட்டைநாய் இனங்களான கன்னியும் சிப்பிப்பாறையும் ஓடப் பிறந்தவை. அந்தக் கூர்வாயும் ஒட்டிய வயிறும் முயல் வேட்டைக்காகவே நம் பெரியவர்கள் பார்த்துப் பார்த்து இணை சேர்த்து வந்தவை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம், அதில் நமக்கு மறுபேச்சே கிடையாது. ஆனால் வேட்டை நின்றுபோனதால் நாயின் காலில் இருக்கும் ஓட்டம் நின்றுவிடாது. காலையும் மாலையும் நடக்காத நாய் கட்டின இடத்திலேயே சுற்றிச் சுற்றி, கழுத்து முடி உதிர்ந்து, கேட் சத்தம் கேட்டாலே எகிற ஆரம்பிக்கும்.

நாகமலை அடிவாரத்தில் நம் உறுப்பினர் ஒருவருக்கு இதுதான் நடந்தது. தெருவில் கூட்டிப்போனால் அக்கம்பக்கத்தார் வாளித் தண்ணீரை மேலே ஊற்றினார்கள், வீட்டுக்காரரிடம் புகார் போனது, கடைசியில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து நாலு மாசம் கொல்லையிலேயே கட்டிப்போட்டார். தட்டு வைக்கப் போன அவருடைய மகளையே அது கடித்துவிட்டது. பாப்பாவுக்கு உடனே சோப்புப் போட்டுக் கழுவி ஊசியும் போட்டாயிற்று, நன்றாக இருக்கிறாள். நாயை உசிலம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டார். கண் திறக்காத குட்டியாக அதைக் கையில் வாங்கியவன் நான், இன்னும் மனசு ஆறவில்லை. கட்டியே போட்டிருக்கும் நாயைப் போதிய அளவு நடக்க விடாமல் வைத்திருப்பதே 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவின்படி குற்றம். தண்ணீர் ஊற்றியவர்களிடம் இதைப் பொறுமையாகச் சொல்லியிருக்க வேண்டும், நாம் யாரும் போகவில்லை.

அவர்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. வெறிநாய்க்கடி நோய் முற்றி அறிகுறி தெரிந்துவிட்டால் ஆளைக் காப்பாற்றுவது அநேகமாக நடக்காது. அதனால் இனி தடுப்பூசி அட்டை இல்லாத நாயைச் சங்கத்து நடைக்கு யாரும் கொண்டுவரக் கூடாது. கேட்டால் எடுத்துக் காட்டுகிற மாதிரி அட்டை சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

அப்புறம் மாசி மாசத்து விஷயம். அறுத்த வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்தது தெரியாமல் கண்மாய்க் கரை வழியாகப் போனோம். குட்டியாடு ஒன்று துள்ளியதுதான் தாமதம், என் கையிலிருந்த செவலைக் கன்னி பாய்ந்துவிட்டது. இந்த நாய்களுக்கு மோப்பத்தைவிடக் கண்தான் முந்தும், அசைவது தெரிந்தால் போதும். கயிறு உள்ளங்கையை உரித்துக்கொண்டு போயும் நான் விடவில்லை, ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிடை ஆடுகளை மேய்க்கும் கீதாரி அண்ணன் கம்போடு ஓடி வந்தார். திட்டினார், திட்ட வேண்டியதுதான். மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டபோது அவரே தரையில் குச்சியால் கோடு போட்டு, எந்த வாரம் எந்த வயலில் கிடை என்று காட்டினார். கிளம்பும்போது செவலையின் முன்னங்காலைப் பிடித்துப் பார்த்து, விரலிடுக்கில் ஒடிந்திருந்த சீமைக்கருவேல முள்ளை ஊக்கால் நெம்பி எடுத்தார். அது முனகாமல் நின்றது. இரண்டு நாளாக அது நொண்டியதை நான் சரளைக்கல் குத்தியது என்றே நினைத்திருந்தேன்.

ஊராட்சியில் கண்மாய்க்கு மேற்கே இருக்கும் பொட்டலை விடியற்காலை ஒரு மணி நேரம் மட்டும் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை. அதுவரை நாலரை மணிக்கே கிளம்புவோம், தரையும் சுடாது. ஒரு நாய்க்கு ஓர் ஆள், குட்டியாக இருந்தால் கூடவே இன்னொருவர். நைந்த கயிற்றோடு யாரும் வராதீர்கள், புதுக் கயிறு என் வீட்டில் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.