பின்னால் வருபவருக்கான விளக்கு

திருச்சி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டாள் என்பதைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. தங்கையின் முழங்கால் வலி குறைந்திருப்பதும் ஆறுதலாக இருக்கிறது. ஆனாலும் நான் உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், கடைசிப் பத்தியில் நீ போகிற போக்கில் சொல்லியிருந்த செய்திதான். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பின்னால் நின்ற லாரிக்காரர் இறங்கி வந்து, உன் காரின் இடப்பக்கத்து பிரேக் விளக்கு எரியவில்லை என்று சொன்னதாகவும், ஊர் திரும்பியதும் பணிமனையில் பல்புகளைத் தாங்கும் விளக்குக் கூட்டையே மாற்ற வேண்டும் என்று பெருந்தொகை கேட்டதாகவும் எழுதியிருக்கிறாய். இந்தக் கடிதம் வந்து சேரும்வரை கூட்டை வாங்கிவிடாதே. கூடு உடைந்திருந்தாலோ உள்ளே தண்ணீர் தேங்கிப் பிரதிபலிப்பான் உரிந்திருந்தாலோ ஒழிய, அதை மாற்றுவதற்கு எந்த நியாயமும் இல்லை. நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு பல்பு போதும் என்றுதான் நினைக்கிறேன்.

முதலில் கோளாறு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடு. மாலையில் இருட்டியபின் காரின் பின்புறத்தை ஒரு சுவருக்கு நெருக்கமாக நிறுத்தி பிரேக்கை மிதித்தால், எந்தப் பக்கம் சிவப்பு விழுகிறது, எந்தப் பக்கம் விழவில்லை என்பது பின்பார்வைக் கண்ணாடியிலேயே தெரிந்துவிடும். உதவிக்கு ஆள் தேவையில்லை. இடம், வலம், நடு ஆகிய மூன்றுமே எரியவில்லை என்றால் பல்பைக் குறை சொல்லாதே. மூன்று பல்புகள் ஒரே நாளில் போவது அரிது. ஃபியூஸையோ, பிரேக் மிதிக்கு மேலே இருக்கும் சிறிய சுவிட்சையோதான் சந்தேகிக்க வேண்டும். ஒன்று மட்டும் எரியவில்லை என்றால் பல்பு போயிருக்கும், அல்லது பல்பைச் செருகும் ஹோல்டரில் தொடர்பு விட்டிருக்கும். பிரேக்கை மிதிக்கும்போது அந்தப் பக்கத்து இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரிந்தால், அது எர்த் கோளாறு. போக வழியில்லாத மின்சாரம் பக்கத்து விளக்கு வழியாகத் திரும்பப் பார்க்கிறது என்று பொருள். அங்கே பல்பை மாற்றிப் பயனில்லை, எர்த் கம்பி இணையும் இடத்தைத்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

உன் காரும் என்னுடையதைப் போலப் பின்கதவு மேலே தூக்கித் திறக்கும் வகை. அவற்றில் பெரும்பாலானவற்றில் கதவைத் திறந்தால், விளக்கின் உள்ளோரத்தில் மேலும் கீழுமாக இரண்டு திருகாணிகள் தெரியும். ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஒன்று போதும். திருகாணிகளைக் கழற்றியதும் கூடு கையோடு வந்துவிடாது. காரின் வெளிப்பக்கத்தை ஒட்டி அதில் பிளாஸ்டிக் முளைகள் இருக்கும். அவை காரின் உடலில் உள்ள ரப்பர் துளைகளுக்குள் இறுகப் பொருந்தியிருக்கும். அவசரத்தில் பக்கவாட்டில் நெம்பினால் முளை ஒடிந்து, அந்தப் பணிமனைக்காரர் சொன்ன கூட்டை உண்மையாகவே வாங்க நேரும். இரண்டு கைகளாலும் பிடித்து, நேராகப் பின்னோக்கி, சிறிது சிறிதாக இழு. வெயிலில் ரப்பர் இறுகியிருந்தால் பிடிவாதம் பிடிக்கும், பிறகு விட்டுவிடும்.

கூட்டின் பின்புறத்தில் ஹோல்டர்கள் தெரியும். பிரேக் விளக்குக்குரிய ஹோல்டரைக் கால் திருப்பு இடப்பக்கம் திருப்பினால் பல்போடு வெளியே வரும். பல்பை உள்ளே அழுத்தி, அதே போல் இடப்பக்கம் திருப்பி எடு. அதற்கு முன் விளக்குகளை எல்லாம் அணைத்துச் சற்று நேரம் ஆறவிடு. எரிந்துகொண்டிருந்த பல்பு விரலைச் சுட்டுவிடும். எடுத்த பல்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார், அதுவே கதையைச் சொல்லும். கண்ணாடியின் உட்புறம் சாம்பல் நிறமாகக் கறுத்து, உள்ளே இழை அறுந்து தொங்கினால், டங்ஸ்டன் ஆவியாகித் தேய்ந்து தன் ஆயுளை முடித்துக்கொண்ட பல்பு அது. பால் போல வெண்மை படர்ந்திருந்தால் எங்கோ விரிசல் விட்டுக் காற்று நுழைந்திருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனி. பல கார்களில் பின்விளக்குக்கும் பிரேக் விளக்குக்கும் ஒரே பல்புதான். அதற்குள் இரண்டு இழைகள்: 5 வாட் இழை இரவில் தொடர்ந்து எரிவது, 21 வாட் இழை பிரேக் மிதிக்கும்போது மட்டும் எரிவது. அதனால்தான் ஓர் இழை அறுந்த பின்னும், இரவில் சிவப்பாக எரிவதைப் பார்த்துவிட்டு, விளக்கு நன்றாகத்தானே இருக்கிறது என்று நாம் நம்பிவிடுகிறோம். கடையில் ‘டபுள் காண்டாக்ட் பல்பு’ என்று கேட்டால் தருவார்கள். ஆனாலும் பழைய பல்பையே எடுத்துக்கொண்டு போ. அடிப்பாகத்து உலோகத்தில் 12 வோல்ட், 21/5 வாட் என்று பொறித்திருக்கும். பக்கவாட்டு முளைகள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது. தவறான திசையில் பொருத்திவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. பொருந்தவில்லை என்றால் பலம் காட்டாதே, அரைச் சுற்றுத் திருப்பிப் போடு. பலவந்தமாகத் திணித்தால் இரவு முழுவதும் பிரேக் விளக்கு எரிவது போலப் பிரகாசமாகவும், பிரேக் மிதிக்கும்போது மங்கலாகவும் எரியும்.

புதிய பல்பைப் போடும் முன் ஹோல்டருக்குள் பார்வையை விடு. பச்சை பூத்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்துவிடு. பிளாஸ்டிக் உருகிப் பழுப்பேறியிருந்தால் ஹோல்டரையும் மாற்ற வேண்டியதுதான். யாரோ முன்பு அதிக வாட் பல்பு போட்டதன் விளைவாகவும் அது இருக்கலாம். கூட்டைத் திருப்பிப் பொருத்தும் முன்பே பிரேக்கை மிதித்துச் சோதித்துவிடு. விளிம்பைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை சுருண்டுகொள்ளாமல் பார்த்துக்கொள், ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் தண்ணீர் முதலில் நுழையும் வழி அதுதான்.

கடைக்காரர் எல்.இ.டி. பல்பைக் காட்டிப் புகழ்வார். அதில் உண்மை இல்லாமல் இல்லை: இழை பல்பு முழு வெளிச்சத்துக்கு வர ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது, எல்.இ.டி.க்கு அந்தத் தாமதம் இல்லை. மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் வண்டி அதற்குள் நான்கு மீட்டருக்கு மேல் கடந்துவிடும். ஆனால் அந்த நன்மை, எல்.இ.டி.க்கென்றே வடிவமைத்த விளக்கில்தான் முழுமையாகக் கிடைக்கும். இழைக்காக வடித்த பிரதிபலிப்பானில் அதைச் செருகினால் ஒளி போக வேண்டிய திசையில் பரவாது, வெள்ளை எல்.இ.டி. என்றால் சிவப்புக் கண்ணாடி இளஞ்சிவப்பாகத் தெரியும். உனக்கு சாதாரண பல்பே போதும் என்பது என் கருத்து.

‘நடுவிளக்கு எரிகிறதே, போதாதா?’ என்று கேட்டிருந்தாய். அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1974-இல் ஜான் வோவோட்ஸ்கி என்ற உளவியலாளர் சான்பிரான்சிஸ்கோ டாக்சிகள் சிலவற்றில் பின்புறம் கூடுதலாக ஒரு பிரேக் விளக்கைப் பொருத்திப் பார்த்தார். அவற்றின் மீது பின்னாலிருந்து மோதுவது 60 விழுக்காடு குறைந்தது. அமெரிக்காவில் 1986 மாடல் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் அது கட்டாயமானது. ஆனால் எல்லாக் காரிலும் வந்து கண் பழகிய பிறகு, 1998-இல் அந்நாட்டு அரசு மதிப்பிட்டபோது நிலைத்த பயன் 4.3 விழுக்காடாகவே இருந்தது. பக்க விளக்குகளுக்குத் துணையாக வந்தது அது, அவற்றுக்கு மாற்றாக அல்ல. இரு ஓரங்களும் எரிந்தால்தான், பின்னால் பேருந்து ஓட்டி வருபவருக்கு உன் காரின் அகலமும் இருக்குமிடமும் ஒரே பார்வையில் விளங்கும்.

வலப்பக்கத்துப் பல்பும் அதே வயதுடையது, ஆகவே இரண்டாக வாங்கி, ஒன்றை டேஷ்போர்டு பெட்டியில் வைத்துக்கொள். ஹோல்டர் எந்த நிலையில் இருந்தது என்று அடுத்த கடிதத்தில் எழுது. உருகியிருந்தால் இங்கே பாலக்கரையில் எனக்குத் தெரிந்த கடையில் கேட்டு வாங்கி அனுப்புகிறேன். தங்கையிடம் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
கோபாலன்