ஹைமாஸுக்கு ஒரு தகரக் குல்லா

ஊத்தங்கரை வட்டாரத்தில் ஊராட்சிகளை நடத்தும் பெரியோர்களுக்கு வணக்கம்.

விளக்கை அணைக்கச் சொல்லி இதை எழுதவில்லை. பாம்பு நடமாடும், விடியுமுன் பால் ஊற்றப் போகிறவர்கள் இருக்கிறார்கள், தெரியும். வெளிச்சம் தரையில் விழட்டும், வானத்துக்கு எதற்கு என்றுதான் கேட்கிறேன்.

மொட்டை மாடியில் எட்டு அங்குலத் தொலைநோக்கி வைத்திருக்கிறேன். தெருமுனையில் ஹைமாஸ் என்கிற உயரக் கம்ப விளக்கு வந்த நாளிலிருந்து தெற்கே எடுக்கும் படமெல்லாம் நீர்மோர் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது.

அதனால் என்ன குடி முழுகிவிட்டது என்பீர்கள். 2016 செப்டம்பர் 20 அன்று அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் விக்டர் பூசோ என்ற பூட்டுக்காரர், புதுக் கேமராவைச் சோதிக்க, வீட்டு மாடியிலிருந்து என்ஜிசி 613 என்ற கேலக்ஸியை, அதாவது தொலைதூர நட்சத்திரக் கூட்டத்தை, வரிசையாகப் படம் எடுத்தார். முதல் படங்களில் ஒன்றுமில்லை. அப்புறம் எடுத்தவற்றில் ஒரு புள்ளி. நட்சத்திரம் வெடித்து, உள்ளிருந்து கிளம்பிய அதிர்வலை மேற்பரப்பை உடைத்த கணத்தின் ஒளி அது.

நம் வீடுகளில் புளி தட்டுவோமே, ஓடு போன பழத்தைப் பார்த்து ஓடு எப்படி இருந்தது என்று சொல்ல முடியுமா? இந்த வகை நட்சத்திரம் வெடிக்குமுன்பே மேலிருந்த ஹைட்ரஜனைப் பெரும்பாலும் இழந்துவிடும்; அதுதான் அதன் ஓடு. சில வாரம் கழித்து உச்சம் தொடும் வெளிச்சம் உள்ளே உண்டான கதிரியக்க நிக்கல் சிதைவதால் வருவது, அந்த ஓடு பற்றி அதிகம் பேசாது. முதல் சூடு எவ்வளவு வேகமாக ஆறுகிறது என்பதுதான் நட்சத்திரத்தின் பருமனையும், மேலே ஒட்டியிருந்த மிச்சத்தையும் காட்டிக் கொடுக்கும். பூசோ கண்ட நட்சத்திரம் சூரியனைப் போல் சுமார் 20 மடங்கு நிறையோடு பிறந்து, பெரும்பகுதியை அநேகமாகத் துணை நட்சத்திரத்திடம் பறிகொடுத்து, வெடிக்கும்போது 5 மடங்காக இளைத்திருந்தது என்று வானியலாளர்கள் கணக்கிட்டார்கள்.

அவரும் நகரத்தில்தானே இருந்தார் என்றால், சரி, நியாயம்தான். ஆனால் அவருக்கு அந்தக் கேலக்ஸி உச்சந்தலைக்கு மேலே நின்றது. நமக்குத் தெற்கே பாதி உயரம், ஹைமாஸ் வெளுப்பு நடுவே. அவருடையது 16 அங்குலக் கருவி வேறு.

ஜவ்வாது மலையில், காவலூரில், 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. நம் வெளிச்சத்துக்கு மலை ஒரு வேலி அல்ல.

புதிதாகப் போடும் விளக்குகள் கீழ்நோக்கியே இருக்கட்டும். பழையதுக்கு ஒரு தகரக் குல்லா போதும். எங்கள் தெரு விளக்குக்கான தகரத்தையும் வெல்டிங் கூலியையும் நான் தருகிறேன். அடுத்த முறை பல்பு மாற்ற ஆள் வரும்போது ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.