செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு பத்து முறை கூடியது. தண்ணீர்த் தொட்டி இருமுறை கழுவப்பட்டது. லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நவம்பரில் என் வாட்ஸப்புக்கு வந்த திட்டுகளில் பாதி நம் நெட்வொர்க்கைப் பற்றியவை என்பதால், அந்த விவகாரத்தைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

நவம்பர் 18, திங்கட்கிழமை காலை வாசல் கேமராக்கள் இரண்டும் திரையில் கறுத்துப்போயின. நூலக அறையில் வைஃபை காட்டியது, இணையம் வரவில்லை. அரைமணியில் தானாகவே சரியானது. மாலையில் மறுபடி போயிற்று. இணைய நிறுவனத்து ஆள் வந்து பார்த்துவிட்டு, "லைன் நல்லாத்தான் இருக்கு சார்" என்றார். யாரோ நம் வைஃபையைத் திருடுகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. சிலர் வீட்டு எண்ணையே சொன்னார்கள். அந்த எண்களை நான் இங்கே எழுதப்போவதில்லை.

டி பிளாக்கில் கணினி படிக்கும் மாணவி ஒருவர் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: "அங்கிள், நம்ம சாமான் மொத்தம் எத்தனை? லிஸ்ட் இருக்கா?" இல்லை. நாற்காலிக்கும் ஏணிக்கும் பதிவேடு வைத்திருக்கும் சங்கம் நெட்வொர்க் சாதனங்களுக்கு வைக்கவில்லை. நம்முடையது எதுவென்று தெரியாமல் அந்நியப் பொருளை எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு மாலை டார்ச்சும் ஏணியுமாக அலைந்து, ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் ஒட்டியிருந்த மேக் முகவரியை, அதாவது தயாரிக்கும்போதே தரப்படும் அடையாள எண்ணை, குறித்துக்கொண்டோம். பன்னிரண்டு எழுத்து, முதல் ஆறு தயாரிப்பாளர் யாரென்று சொல்லும். மொத்தம் 19 சாதனங்கள். பிறகு என்மேப் என்ற இலவசக் கருவியால் தேடியபோது 33 வந்தது.

எனக்கு வியர்த்துவிட்டது. அவருக்கு வியர்க்கவில்லை. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் ஃபோன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் முகவரியைக் காட்டுமாம். இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றாக இருந்தால் அந்த வகை. அப்படிப் பன்னிரண்டைக் கழித்தோம். மிச்சம் இரண்டு.

அப்புறம் அவர் லேப்டாப் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினார். இது மேக் அல்ல, நெட்வொர்க்கில் சேரும்போது ரூட்டர் தரும் ஐபி முகவரி: ஒரு தடவை 192.168.1 என்று தொடங்குவது கிடைத்தது, இன்னொரு தடவை 192.168.0 என்று. புதிதாக வரும் சாதனம் "எனக்கொரு முகவரி வேண்டும்" என்று பொதுவாகக் குரல் கொடுக்கும். யார் பதில் முதலில் வருகிறதோ அதையே அநேகமாக எடுத்துக்கொள்ளும். நம் ரூட்டரோடு இன்னொன்றும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அது முந்தினால் கேமரா வேறு வரிசைக்குப் போய்விடும், இணையமும் கிடையாது. இரண்டாவது பதில்காரரின் மேக் முகவரியை கேபிள்களெல்லாம் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியில் தேடினால் 7ஆம் போர்ட், அதாவது ஏழாவது துளை, என்று வந்தது. கேபிளைத் தடவிக்கொண்டே போனோம். சமுதாயக் கூடம், மேடை, மேடைத்துணிக்கு அடியில் ஒரு பழைய ரூட்டர், பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டு.

அது என் வீட்டு ரூட்டர். முந்தின நாள் குழந்தைகள் தின விழாவை வெளிநாட்டுத் தாத்தா பாட்டிகளுக்கு நேரலையில் காட்ட நானே கொண்டுவந்தது. அன்று அதில் நெட் வராததால் ஃபோனிலேயே காட்டி முடித்து, அதை அங்கேயே மறந்துவிட்டேன். கேபிளை, வெளியிலிருந்து இணையம் வரும் வேன் (WAN) துளையில் செருகாமல், உள்ளே இருக்கும் சாதனங்களுக்கான லேன் (LAN) துளையில் செருகியிருக்கிறேன். பெயர் அடிபட்ட வீடுகளிடம் நேரில் மன்னிப்புக் கேட்டாயிற்று. இங்கேயும் கேட்கிறேன்.

முகவரி தரும் உரிமையை ஒரு போர்ட்டுக்கு மட்டும் கொடுக்கும் வசதி, டிஹெச்சிபி ஸ்னூப்பிங், நம் ஸ்விட்சில் முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. யாரும் போட்டுவிடவில்லை, அவ்வளவுதான். இப்போது போட்டாயிற்று. கேமரா ரெக்கார்டரும் வாங்கியபோதிருந்த பாஸ்வேர்டிலேயே ஓடிக்கொண்டிருந்தது. 2016-ல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் கேமராக்களை வளைத்துப்போட்டது இப்படிப்பட்ட பாஸ்வேர்டுகளை வைத்துத்தான். மாற்றிவிட்டோம்; புதியது தலைவரிடம் உறையில் இருக்கிறது.

உறுப்பினர் ஃபோன்களுக்குத் தனி வைஃபை அமைக்கப் பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

மிச்சமிருந்த இரண்டில் ஒன்று அந்த ரூட்டர். இன்னும் ஒன்று பாக்கி. இரவு பத்துக்கு மேல் நூலக வைஃபைக்கு வந்து விடிந்ததும் போய்விடுகிறது. மேக் முகவரியின் முதல் ஆறு எழுத்து, தயாரிப்பாளர் எஸ்பிரெசிஃப் என்கிறது. ஸ்மார்ட் பிளக், பல்பு பலவற்றில் இருக்கும் சிப். யார் வீட்டுப் பொருளாவது அங்கே மாட்டியிருந்தால் சொல்லுங்கள், பதிவேட்டில் எழுதிக்கொள்கிறேன். மாதக் கடைசிவரை நிறுத்த மாட்டோம்.

செயலாளர்