கதிரிடம் நீ பேச வேண்டியது

அன்புள்ள முருகேசா,

இங்கு அனைவரும் நலம். உன் அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். பொங்கலுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரிகூட வராததற்கான சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம். பாண்டி வீட்டில் நடந்ததைச் சொல்லத்தான் இப்போது எழுதுகிறேன்.

அவனுடைய மூத்த பையன், 11ஆம் வகுப்பு படிக்கிறவன், சில மாதங்களாகச் சரியாகச் சாப்பிடாமல், யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல், எந்நேரமும் களைப்பாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். இரத்தப் பரிசோதனையில் ஒரு குறையும் தெரியவில்லை. கடைசியில் அவனுடைய புத்தகப் பையில், செய்தித்தாளில் சுற்றிய லேகிய டப்பா ஒன்றும், பேருந்து நிலையத்தின் எதிரே உள்ள ஒரு லாட்ஜின் அறை எண்ணும் வைத்திய முகாம் தேதியும் அச்சிட்ட துண்டுச் சீட்டும் அகப்பட்டன. தூக்கத்தில் விந்து வெளியாவதைப் பெரிய வியாதி என்று நம்பிய அந்தப் பிள்ளை, ஆத்தா கொடுத்த காசையெல்லாம் சேர்த்து அங்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். நரம்புத் தளர்ச்சி முற்றிவிட்டது, இனி கல்யாணத்துக்கே லாயக்கில்லாமல் போய்விடுவாய் என்று அங்கிருந்த வைத்தியர் சொன்னாராம். இந்தப் பேச்சை மனதில் போட்டுக்கொண்டு அவன் எத்தனை இரவுகள் தூங்காமல் கிடந்தானோ! பாண்டியோ விவரம் கேட்பதற்கு முன்பே கையை ஓங்கிவிட்டான். சரோஜா அக்காதான் குறுக்கே விழுந்து தடுத்தார்.

இந்தப் பயம் மருத்துவ உலகுக்குப் புதிதன்று. மனநல மருத்துவர் என்.என். விக் 1960இலேயே இதற்குத் 'தாத் நோய்க்குறி' என்று பெயரிட்டார். அந்த இளைஞர்கள் சொல்லும் களைப்பும் மன உளைச்சலும் பொய்யல்ல; ஆனால் விந்து போவது அவர்களை வாட்டுவதில்லை, போனால் உடம்பு கெட்டுவிடும் என்ற நம்பிக்கைதான் வாட்டுகிறது. விந்தின் பெரும்பகுதி விந்துப் பையிலும் புராஸ்டேட் சுரப்பியிலும் ஊறும் நீர்தான், விந்தணுக்கள் அன்றாடம் கோடிக்கணக்கில் உண்டாகிக்கொண்டே இருக்கின்றன, தூக்கத்தில் வெளியாவது வயதுக்கு வந்த உடம்பின் இயல்பு என்று அவனுடைய அப்பன் சொல்லியிருந்தால் அந்த லாட்ஜின் படியை அவன் மிதித்திருக்க மாட்டான். பாலியல் ஆற்றலைக் கூட்டுவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. அப்படியிருந்தும், 'இளமையில் செய்த தவறு' என்று பிள்ளைகளை மிரட்டும் குரல் நள்ளிரவுத் தொலைக்காட்சியில் ஓயவில்லை. நாம் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் அந்த வைத்தியர்களுடைய மூலதனம்.

"நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள், நாம் கெட்டா போனோம்?" என்று போன முறை கேட்டாய். நம் வகுப்பில் சேகர் பட்ட பாட்டை நீயா மறந்தாய்? சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் விரைவில் கெட்டுப்போவார்கள் என்ற உன் இன்னொரு வாதத்துக்கும் ஆதாரம் கிடையாது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2018இல் வெளியிட்ட வழிகாட்டி, பாலியல் கல்வியால் பாலுறவில் ஈடுபடுவதோ ஆபத்தான பாலியல் நடத்தையோ கூடுவதில்லை என்று தெளிவாகவே சொல்கிறது. பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் பந்தல் போட்டு, சீர் வைத்து, ஊரையே கூட்டுகிறோம். ஆண் பிள்ளைக்குக் குரல் உடைவதைக் கேலி செய்வதோடு நம் கடமை முடிந்துவிடுகிறது. இது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவேயில்லை.

உன் மகன் கதிருக்கு 10 வயது முடிந்துவிட்டது. பையன்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள் இந்த மாற்றங்கள் தொடங்கும் என்பதால், இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று நீ தள்ளிப்போட இடமில்லை. எதிரே உட்காரவைத்துப் பாடம் நடத்தாதே. உனக்கும் வியர்க்கும், அவனும் ஓடிவிடுவான். நானும் என் மகனும் பேசியதெல்லாம் வண்டியில் போகும்போதுதான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை என்பதால் அவனுக்கும் கேட்கத் துணிவு வந்தது. ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டாமல், கேட்டதற்கு மட்டும் உண்மையான பதிலைச் சொல், உறுப்புகளை அவற்றின் பெயராலேயே சொல், தெரியாததைப் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல். நண்பனின் கைபேசியில் ஆபாசப் படம் ஏதாவது கண்ணில் பட்டால் உன்னிடம் வந்து சொல்லலாம், அடி விழாது என்ற உறுதியை மட்டும் முதல் நாளே கொடுத்துவிடு.

பாண்டியின் மகனை அரசு மருத்துவமனை மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். இப்போது ஓரளவு தெளிந்திருக்கிறான், சாப்பிடுகிறான். ஆனால் அப்பனும் மகனும் இன்னும் பேசிக்கொள்வதில்லை. நான் சொன்னால் பாண்டி கேட்க மாட்டான், நீ சொன்னால் கேட்பான். ஆகையால் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அவனுக்குத் தொலைபேசியில் பேசு. சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது கதிரையும் கூட்டி வா. அதற்குள் அவனிடம் பேச்சைத் தொடங்கிவிட்டாயா என்று அவனிடமே கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

அன்புடன்,
சுந்தரம்